எடைக்கல்லுக்கு முத்திரை

கீழமாரட் வீதியில் விடிகாலை மூன்றரைக்கு
நாசிக் லாரி தார்ப்பாய் அவிழ்க்கும்போது
விலை இன்னும் பிறந்திருக்காது.

ஒச்சப்பன் ஒரு மூட்டையைக் குத்தூசியால் கீறி
நாலு பல்லாரியைக் கையில் உருட்டுவான்.
ஈரம், என்பான்.
அந்த ஒரு சொல்லில்
எங்கோ மகாராஷ்டிரத்தில் பெய்த மழை
எங்கள் தெருவுக்குள் வந்து நிற்கும்.
மேலூர்க்காரர் ஐந்து மூட்டை போதும் என்பார்.
சிவகங்கைக்குக் கல்யாணச் சமையல் எடுத்தவர்
இருபதுக்குக் குறைய மாட்டார்.
கூப்பாடு அடங்கியதும் சிலேட்டில் எழுதுவேன்:
தொண்ணூற்றெட்டு.
எழுதியது நான். சொன்னது யாரென்று
இருபத்திரண்டு வருஷமாகத் தெரியவில்லை.

ஏழு மணிக்குள் அந்த எண் ஊரைச் சுற்றிவிடும்.
சிம்மக்கல் காதர் மீரான் கடையில்
பரோட்டாவுக்கு வெங்காயப் பச்சடி மறைந்து
முட்டைக்கோஸ் துருவல் வரும்.
கப்பலூர் மில் கேன்டீனில் பொரியல் மாறும்.
பேரையூர்ப் பக்கம் ஒருவர்
தை மாசத்துக்கென்று வைத்திருந்த பட்டறையை
இன்றே பிரிப்பார்.
யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை.
யாரும் மீறவும் இல்லை.

வியாழக்கிழமை ஜீப் வந்தது.
இருப்பு உச்சவரம்பு பத்து டன்.
எங்களிடம் பதினாலு.
பதுக்கல், என்று எழுதினார் தாசில்தார்.

அய்யா,
எறும்பு சேர்த்தால் சேமிப்பு
சர்க்கார் சேர்த்தால் கையிருப்பு
சொர்ணவேல் மண்டி சேர்த்தால் பதுக்கலா?
அடுத்த மாசத்து ஆளுக்கும்
சாம்பார் வைக்க வேண்டுமே என்று
ராத்திரியெல்லாம் மூட்டை புரட்டி
அழுகியதைப் பொறுக்கிக் கிடந்தது யார்?
அடுத்த மாசத்து ஆள்
ஜீப்பில் வர மாட்டான்.
மனுக் கொடுக்க மாட்டான்.
அவனுக்காக இந்தத் தெருவில் வாயைத் திறப்பது
இன்றைய விலை ஒன்றுதான்.

இதில் ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை.
டீ வாங்கிவர ஆள் அனுப்பினேன்.

பலகையில் நாற்பத்தைந்து என்று பெயின்ட் அடித்தார்கள்.
முதல் நாள் வரிசை விளக்குத்தூண் வரை.
இரண்டாம் நாள் வரிசை இருந்தது, வெங்காயம் இல்லை.
மூன்றாம் நாள் வரிசையும் இல்லை.
லாரிகள் திண்டுக்கல்லிலேயே திரும்பி
தேனி வழியாய்க் கேரளம் இறங்கிவிட்டதாம்,
ஒச்சப்பன் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னான்.
பெயின்ட் மட்டும் புதுசாய்ப் பளபளத்தது.

செல்லூர் தள்ளுவண்டி பஞ்சவர்ணத்திடம்
இந்த நியாயமெல்லாம் செல்லாது.
தொண்ணூற்றெட்டில் அழுதாள்.
நாற்பத்தைந்தில் வெறும் வண்டியோடு நின்றாள்.
விலை பொய் சொல்லாதுதான்.
ஆறுதலும் சொல்லாது.
அழுத அன்றைக்கு அரை மூட்டை ஏற்றிவிட்டேன்,
என் பேரில் பற்று எழுதி.
முதலாளி பார்த்தார்.
பார்க்காத மாதிரி வெற்றிலை மடித்தார்.

அடுத்த வாரம் எடைக்கல் முத்திரைக்கு
வேறொரு அதிகாரி.
அஞ்சு கிலோக் கல் துளி தேய்ந்திருந்தது.
அபராதம் கட்டினோம்.
சரிதான்; கல் என்றால் கல்லாக இருக்க வேண்டும்.

ஆனால் என் சட்டைப்பையில்
ஒரு நூறு ரூபாய்த் தாள் இருக்கிறது.
ஓரம் கிழியவில்லை. எழுத்து மங்கவில்லை.
வருஷா வருஷம் உள்ளுக்குள் தேய்கிறது.
மேலே யாரோ கல்லை இழைத்துவிட்டு
வெங்காயத்தைத் திட்டுகிறார்கள்.
அந்தக் கல்லைச் சோதிக்க
எந்த ஆய்வாளர், எந்த ஜீப்பில்?

சுத்தியல் மூன்று தட்டு தட்டியது.
முத்திரை விழுந்தது.
பையை மூடிய அதிகாரி
வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டு
குரலைத் தாழ்த்தினார்:
வீட்டில் விசேஷம். பல்லாரி இருபது கிலோ.
என்ன விலை போகுது?

பலகையைப் பார்த்தேன்.
துடைத்து வைத்த சிலேட்டைப் பார்த்தேன்.

எந்த விலை சார், என்றேன்.